லமினேட் செய்த அட்டையும் அதன் ஓரத்துப் புள்ளிகளும்

2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறைக்குப் பெரிய மாமா ரொறன்ரோவிலிருந்து குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்திருந்தார். ஏ9 வீதி திறந்து ஒரு வருடம் கடந்திருந்த காலம் அது. அவருடைய மகன் எனக்கு ஒரு வயது மூத்தவன். திரும்பிப் போகிற அன்று காலை, ஓமந்தை வரைக்கும் போகவேண்டிய வான் வாசலில் நிற்கும்போது, ஒரு பொக்கிமொன் அட்டையை என் கையில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டான். நீல நிறத்தில் ஆமைக்குஞ்சு போல ஒன்று. பெயர் ஸ்குவர்ட்டில். அப்போது எனக்குப் 12 வயது. பொக்கிமொன் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால், கனடாவிலிருந்து வந்த, பளபளப்பான, எனக்கு மட்டுமே சொந்தமான ஒரு பொருள் அது.

அந்த மாதமே அம்மா எங்கள் பத்திரங்களை லமினேட் செய்வதற்கு நகரத்திலிருந்த போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனார். கடை ஜெனரேற்றரில் ஓடிக்கொண்டிருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அக்காவின் பாடசாலைச் சான்றிதழ், சின்ன மாமாவின் ஒரே படம். நான் அடம்பிடித்ததால் கடைசியில் என்னுடைய அட்டையும். “கிழிஞ்சு போனால் பிறகு அதுக்கும் இருந்து அழுவாய்” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

இவை எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் இருந்தன. 2009இல் அந்தப் பை எங்களோடு எந்தெந்த ஊர்களுக்குப் போனது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மெனிக் பாமில் பையைத் திறந்தபோது பத்திரங்களின் ஓரங்களில் தண்ணீர் புகுந்திருந்தது. அட்டையின் ஒரு மூலையிலும் மண்ணிறக் கறை. மற்றபடி தப்பியிருந்தது.

அட்டையின் கீழ் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை உண்டு. விலைக்குறியீடாக இருக்கும் என்றோ அலங்காரம் என்றோ பல வருடங்களாக நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன்னர் எண்ணிம ஆவணப்படுத்தல் பற்றி ஒரு கட்டுரைக்காக வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பட்டை சாம்பல் நிறமே அல்ல, நெருக்கமாக அச்சடிக்கப்பட்ட கறுப்புப் புள்ளிகள் என்று அறிந்தேன். அந்தப் புள்ளிகளில் ஒரு கணினிக் கோப்பு இருந்தது. என் பையில் இருந்த பொருட்களில் எண்ணிமத் தரவு கொண்டது அது ஒன்றுதான். அதை வாசிக்க முடியாதபடி பிளாஸ்ரிக்கில் அடைத்து வைத்திருந்ததும் நாங்கள்தான்.

புள்ளிகளுக்குள் என்ன இருக்கிறது

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2001 டிசம்பரில் இ-ரீடர் என்ற சிறிய கருவியை அங்கே வெளியிட்டது. வட அமெரிக்காவுக்கு அது 2002 செப்டெம்பரில் வந்தது. கேம்போய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் செருகி, அதிலுள்ள பிளவு வழியாக அட்டையை இழுத்தால், ஓரத்துப் புள்ளிகளை அது வாசிக்கும். புள்ளிக் குறியீட்டுத் தொழில்நுட்பம் ஒலிம்பஸ் நிறுவனத்துடையது, கமெரா செய்கிற அதே ஒலிம்பஸ்தான். எக்ஸ்பெடிஷன், அக்குவாபொலிஸ், ஸ்கைரிட்ஜ் என 2002இலும் 2003இலும் வந்த பொக்கிமொன் அட்டைத் தொகுதிகளில் இந்தப் பட்டைகள் அச்சிடப்பட்டிருந்தன. என்னுடையது எக்ஸ்பெடிஷன் தொகுதியைச் சேர்ந்தது. மிகச் சாதாரணமான அட்டை.

பட்டைகள் இரண்டு வகை. நீளமான பட்டையில் 28 கட்டங்கள், குட்டையானதில் 18 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 104 பைட்டுகளைச் சுமக்கிறது. இதில் ஒரு பகுதி கட்டத்தை அடையாளம் காண்பதற்கும் பிழை திருத்துவதற்கும் போய்விடுகிறது. பயன்படும் தரவு நீளப் பட்டையில் 2,112 பைட்டுகள், குட்டைப் பட்டையில் 1,344 பைட்டுகள். யூனிகோட் தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டுகள் வேண்டும். அப்படிப் பார்த்தால் என் அட்டையின் பட்டையில் ஒரு சிறிய பந்தியைத்தான் எழுதலாம். ஆனால் அந்தக் காலத்து நிரலாளர்கள் தரவைச் சுருக்கி, இந்த அளவுக்குள்ளேயே சின்ன விளையாட்டுகளையும் வைத்தார்கள். 1980களில் வந்த பலூன் ஃபைட், டொங்கி கொங் ஜூனியர், எக்சைட்பைக் போன்ற முழு விளையாட்டுகள் ஒவ்வொன்றும் ஐந்து அட்டைகளில் விற்கப்பட்டன. ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு நீளப் பட்டைகள். பத்துத் தடவை இழுத்தால் விளையாட்டு தொடங்கும். ஐந்தில் ஓர் அட்டை தொலைந்தால் மற்ற நான்கும் வெறும் காகிதம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். சில அட்டைகளில் உள்ளடக்கம் முழுதாகவே இருக்கிறது. வேறு சிலவற்றில் இருப்பது ஒரு திறப்பு மட்டும். பொக்கிமொன் ரூபி, சபையர் விளையாட்டுகளுக்கான ஈயன் டிக்கெட் அட்டை அப்படியானது. அந்தத் தீவும் அங்கே காத்திருக்கும் உயிரினமும் விளையாட்டின் கெசட்டுக்குள்ளேயே இருக்கின்றன, வாசலைத் திறப்பதுதான் அட்டையின் வேலை. இரண்டாவது வகையைப் பாதுகாப்பவர் அட்டையோடு நின்றுவிட முடியாது. கெசட்டும் கருவியும் அவற்றை இணைக்கும் வயரும் கூட வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கவேண்டும். திறப்பு மட்டும் மிஞ்சி வீடு இல்லாமல் போவதன் அர்த்தம் எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கருவி ஓடவில்லை. அட்டையைத் தனியாக வாங்கி, பத்துத் தடவை இழுத்து, பிழை வந்தால் மீண்டும் இழுத்து விளையாடுவதற்குப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்கவில்லை. வட அமெரிக்காவில் 2004இலேயே கைவிடப்பட்டது. ஜப்பானில் இன்னும் சில வருடங்கள் இருந்தது. அதனால், பல அட்டைகள் ஜப்பானில் மட்டும் வந்து, மற்ற நாடுகளுக்கு வராமலே முடிந்தன. பொக்கிமொன் கொலோசியம் என்ற விளையாட்டில் டோகெப்பி, மரீப், சிஸோர் ஆகிய மூன்றையும் பிடிப்பதற்கு ஜப்பானிய அட்டைகள் தேவை. ஆங்கிலப் பதிப்பை வாங்கியவர்களுக்கு அந்த வழி கிடைக்கவேயில்லை. ஜப்பானிய அட்டையை அமெரிக்கக் கருவி வாசிக்கவும் மாட்டாது.

அரிதாகிப் போனதன் ஆபத்து

இருபது வருடங்களில் இந்த அட்டைகளின் விலை ஏறிவிட்டது. ஸ்கைரிட்ஜ் தொகுதியின் சில அட்டைகள் இன்று சேகரிப்போரிடையே பெரும் தொகைக்குக் கைமாறுகின்றன. விலை ஏறினால் பொருள் பாதுகாப்பாக இருக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். படம் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. தரவின் கதை வேறு.

அரிய அட்டையை வைத்திருப்பவர் அதைத் தரப்படுத்தும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புவார். அவர்கள் ஓரங்களையும் மூலைகளையும் மேற்பரப்பையும் உருப்பெருக்கியால் பார்த்து, 10 வரைக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, திறக்க முடியாத கடினமான பிளாஸ்ரிக் உறைக்குள் ஒட்டி அனுப்புவார்கள். உறையை உடைத்தால் தரமும் போய்விடும், விலையும் விழும். உறையோடு கருவியின் பிளவுக்குள் விடவும் முடியாது. தரப்படுத்தாமல் வைத்திருப்பவரும் கருவியில் இழுக்கத் தயங்குவார், ஏனென்றால் ஒவ்வொரு இழுவையும் ஓரத்தில் ஒரு மெல்லிய கீறலை விடக்கூடும். பிரிக்கப்படாத பொதிகளின் நிலை இதைவிட மோசம். உள்ளே எந்த அட்டை இருக்கிறது என்பதே தெரியாதபடி இருப்பதில்தான் அவற்றின் விலை தங்கியிருக்கிறது. ஒரு கோப்பின் மிஞ்சிய பிரதிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டே போகின்றன. பூட்டுகிறவர்கள் எல்லோரும் தாங்கள் பாதுகாப்பதாகவே நம்புகிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நம்பினார், அவர் நம்பியது பிழையும் அல்ல: லமினேட் செய்திராவிட்டால் அந்த அட்டை நந்திக்கடல் ஓரத்துச் சேற்றிலேயே கரைந்திருக்கும்.

சாதாரண அட்டைகளுக்கு இந்த ஆபத்து இல்லை. அவை ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை, எங்கேயோ ஒருவர் ஒரு பிரதியை வாசித்து வைத்திருப்பார். சிக்கல் வருவது கடை விளம்பரத்துக்கென்றும் நிகழ்வுகளுக்கென்றும் சொற்பமாகக் கொடுக்கப்பட்டவற்றில்தான். இவற்றில் பலவற்றைச் சேகரிப்போர் படத்தின் அழகுக்காகவோ அரிதான தன்மைக்காகவோ வாங்கினார்கள். ஓரத்தில் இருப்பதைப் பற்றி விற்பவரும் நினைக்கவில்லை, வாங்கியவரும் நினைக்கவில்லை.

தயாரித்த நிறுவனமே பாதுகாக்கும் என்று எதிர்பார்க்கலாமா? சூப்பர் மாரியோ அட்வான்ஸ் 4 விளையாட்டுக்கென அட்டைகளில் வந்த கட்டங்கள் 38. நின்டெண்டோ அவை எல்லாவற்றையும் விளையாட்டோடு சேர்த்து வீ யூ கருவிக்கான இணையக் கடையில் ஜப்பானில் 2015 இறுதியிலும் வட அமெரிக்காவில் 2016 ஜனவரியிலும் விற்றது. பாராட்டவேண்டிய வேலை. அந்தக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. இப்போது அதே கட்டங்கள் சந்தா கட்டுபவர்களுக்கு வேறொரு சேவையில் கிடைக்கின்றன, சேவை இருக்கும் வரைக்கும். மாரியோவுக்கு இந்த அளவு கவனிப்பு. சந்தையில்லாத மற்ற அட்டைகளை யார் தேடுவார்கள்?

அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வொன்று, அந்நாட்டில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று கடையில் வாங்க முடியாதவை என்று சொன்னது. காப்புரிமையோ நீண்டது. அமெரிக்கச் சட்டப்படி நிறுவனங்களின் படைப்புக்கு வெளியான நாளிலிருந்து 95 வருடங்கள். 2002இல் வந்த அட்டையின் தரவு 2097 முடியும் வரைக்கும் உரிமை உள்ளது. காகிதமும் மையும் அவ்வளவு காலம் இருக்குமா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. ஆகவே, தன் கையிலிருக்கும் அட்டையைத் தான் வாசித்து வைத்துக்கொள்வதையும் அந்தக் கோப்பை ஊரெல்லாம் பகிர்வதையும் ஒன்றாக்கிக் குழப்பாமல் இருப்பது நல்லது.

கருவி இல்லாமல் வாசிப்பது

இந்த அட்டைகளைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்கு நிரலாளர்கள். புள்ளிகளின் ஒழுங்கு எப்படி, பிழைதிருத்தம் எப்படி, சுருக்கம் எப்படி என்பதை அவர்கள் படிப்படியாகப் பிரித்தெடுத்து எழுதி வைத்தார்கள். அதன் பயனாக இன்று இ-ரீடர் கருவியில்லாமலே, சாதாரண மேசை ஸ்கானரில் எடுத்த படத்திலிருந்து கோப்பை மீட்கலாம். எம்ஜிபிஏ போன்ற இலவசப் போன்மி மென்பொருளில் அந்தக் கோப்பை ஓட்டிப் பார்க்கவும் முடியும்.

ஸ்கான் செய்வதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். புள்ளிகள் ஏறத்தாழ அங்குலத்துக்கு 300 என்ற நெருக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. ஒரு புள்ளியின் அகலம் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. நாங்கள் வழமையாக அடையாள அட்டைக்கும் சான்றிதழுக்கும் பாவிக்கும் 300 டிபிஐ அளவில் ஸ்கான் செய்தால் ஒரு புள்ளிக்கு ஒரு படப்புள்ளிதான் கிடைக்கும். அட்டை மயிரளவு சரிந்திருந்தாலும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடும். 1200 டிபிஐ என்றால் ஒரு புள்ளிக்கு நாலுக்கு நாலு, 16 படப்புள்ளிகள். வாசிப்பதற்கு அது தாராளம். “கறுப்பு-வெள்ளை ஆவணம்” என்ற தெரிவைத் தொடக்கூடாது. எது கறுப்பு, எது வெள்ளை என்று ஸ்கானர் தானே முடிவெடுத்து மீதியை எறிந்துவிடும். சாம்பல் தரத்திலோ நிறத்திலோ எடுத்து, டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கவேண்டும். ஜேபெக் கோப்பு இடத்தை மிச்சம்பிடிக்க விளிம்புகளைக் கலங்கச் செய்கிறது, புள்ளிக் குறியீட்டில் இருப்பதெல்லாம் விளிம்புகள்தான். வட்ஸ்அப்பிலோ வைபரிலோ படமாக அனுப்பினால் இன்னும் மோசம். கோப்பாக, அதாவது ‘டொக்கியுமன்ட்’ ஆக அனுப்பினால் மட்டுமே அது மாறாமல் போய்ச் சேரும்.

என் அட்டையை முதலில் வீட்டிலிருந்த, அச்சும் ஸ்கானும் ஒன்றாகச் செய்யும் மலிவான இயந்திரத்தில் வைத்தேன். படம் மங்கல். காரணம் பிறகுதான் தெரிந்தது. இப்படியான இயந்திரங்களில் இருப்பது சிஐஎஸ் என்ற வகை உணரி. கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதை மட்டுமே அது தெளிவாகப் பார்க்கும். என் அட்டையோ லமினேட்டுக்குள் வளைந்து, ஒரு பக்கம் கண்ணாடியிலிருந்து உயர்ந்து நின்றது. சிசிடி என்ற பழைய வகை உணரியுள்ள ஸ்கானருக்குச் சற்று ஆழமாகவும் பார்க்க முடியும். தரப்படுத்தும் உறைக்குள் இருக்கும் அட்டைகளையும் உறையை உடைக்காமல் அதில் எடுத்துப் பார்க்கலாம், உறையின் உட்சட்டம் ஓரத்தை மறைக்காமல் இருந்தால்.

லமினேட்டை உரிப்போமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உரிக்கவில்லை, நல்ல காலம். சூட்டில் ஒட்டிய லமினேட்டின் பசை காகிதத்தின் மேற்பரப்போடு சேர்ந்துவிடுகிறது. இழுத்தால் மையும் சேர்ந்து வரும். ஆவணக் காப்பாளர்கள் மூலப் பத்திரங்களை லமினேட் செய்யவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான்: போட்டால் திரும்ப எடுக்க முடியாது. செய்து முடித்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலாலேயே ஸ்கான் செய்வதுதான் உத்தமம்.

யாழ்ப்பாணத்தில் அச்சகம் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பழைய சிசிடி ஸ்கானர் இருந்தது. முதல் தடவை லமினேட்டின் ஒரு குமிழில் ஒளி பட்டு, பட்டைக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது. அட்டையை 90 பாகை திருப்பி வைத்தோம். ஒளி வரும் திசையும் குமிழ் சரியும் திசையும் மாறியதில் கோடு மறைந்துவிட்டது. மூலையிலிருந்த தண்ணீர்க் கறை மட்டும் அப்படியே நின்றது. அந்த இடத்தில் இரண்டு கட்டங்களுக்கு மேல் கண்ணால் பார்த்தே வாசிக்க முடியாத நிலை.

ஆனாலும் கோப்பு வந்தது. இதன் இரகசியம் 1960இல் ரீட், சொலமன் என்ற இரண்டு அமெரிக்கக் கணிதவியலாளர்கள் வெளியிட்ட முறை. இறுவட்டுகளிலும் கியூஆர் குறியீடுகளிலும் இருப்பது அதுதான். இந்த அட்டைகளில் ஒவ்வொரு 48 பைட் தரவோடும் 16 பைட் திருத்தத் தகவல் சேர்க்கப்பட்டிருக்கிறது. சேர்ந்த 64 பைட்டுகளில் எந்த எட்டு பைட்டுகள் கெட்டாலும் மீதியிலிருந்து அவற்றைக் கணக்கிட்டு எடுக்கலாம். அதோடு இந்த 64 பைட் தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அச்சடிக்காமல், எல்லாவற்றையும் கலந்து பட்டை முழுவதும் தூவியிருக்கிறார்கள். ஒரு மூலையில் கறை விழுந்தால் ஒரே தொகுதி முழுவதாகச் சாகாது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும், ஒவ்வொன்றும் அந்த இழப்பைத் தாங்கும்.

மீட்டது சரிதானா என்று தெரியவேண்டுமே. அதற்கு இரண்டாவது ஒருவரின் அட்டை வேண்டும். கனடாவில் இருக்கும் மச்சானுக்கு அழைத்தேன். அவனுடைய வீட்டுப் பேஸ்மென்ற்றில், பழைய பெட்டியொன்றில், இ-ரீடரும் கேம்போயும் இன்னும் இருந்தன. அட்டைகளும்தான்.

“உன்னட்டையும் ஸ்குவர்ட்டில் இருக்கா?” என்று கேட்டேன்.

“என்னட்ட ரெண்டு இருந்தது. அதாலதானே உனக்கு ஒண்டு தந்தனான்” என்றான்.

இருபது வருடமாக அவன் எனக்காகத் தன்னுடையதை விட்டுக்கொடுத்தான் என்று நினைத்திருந்தேன். சரி, போகட்டும். அவனுடைய அட்டை அவன் வீட்டு ஸ்கானரிலேயே ஒழுங்காக வந்தது. இரண்டு பட்டைகளின் நேரடி வாசிப்பும் ஒன்றல்ல, என்னுடையதில் கறை இருக்கிறதல்லவா. பிழைதிருத்தம் முடிந்தபின் கிடைத்த 1,344 பைட்டுகளும் முதலிலிருந்து கடைசி வரை ஒன்றாகவே இருந்தன. ஒரு கோப்பின் ‘ஹாஷ்’ எண், எங்கள் பெருவிரல் அடையாளம் போல, அதற்கு மட்டுமே உரியது. ஒரு பைட் மாறினாலும் முழுதாக மாறிவிடும். இரண்டு கோப்புகளின் ஹாஷ் எண்ணும் ஒன்று. வெவ்வேறு அட்டை, வெவ்வேறு ஸ்கானர், வெவ்வேறு நாடு, ஒரே விடை: இப்படிச் சரிபார்த்த பிறகுதான் ஒரு கோப்பை மீட்கப்பட்டது என்று கணக்கில் எடுப்பது இந்தத் துறையின் வழக்கம். பிறகு மச்சான் வீடியோ அழைப்பில் தன் அட்டையைக் கருவிக்குள் இழுத்துக் காட்டினான். மூன்றாவது இழுவையில் சின்னத் திரையில் ஆமைக்குஞ்சு வந்து நின்றது. சத்தமும் போட்டது. 12 வயதில் பார்த்திருக்கவேண்டியது.

இதை ஒரு விளையாட்டு விவகாரமாக மட்டும் எழுதிவிட்டுப் போக முடியவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பது நாங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண். அவற்றில் வேறெங்காவது இன்னொரு பிரதி இருந்த நூல்களைத் திரும்பத் தேட முடிந்தது. ஓலைச்சுவடிகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் தேட முடியவில்லை, அவை ஒன்றே ஒன்று. நூலகம் இணையத்தளம் 2005இலிருந்து எங்கள் வெளியீடுகளை ஸ்கான் செய்து வைப்பது இந்தக் காரணத்தால்தான். மச்சானிடம் இரண்டு அட்டை இருந்ததால் என் அட்டை தப்பியது என்று சொல்லலாம். ஆனால் பொலித்தீன் பையில் அந்த அட்டையோடு இருந்த மற்றப் பொருட்களுக்கு இரண்டாவது பிரதி கிடையாது.

அச்சகத்துக்கு நான் புறப்பட்ட அன்றே அம்மா அதை யோசித்திருக்கிறார். நான் அட்டையை உறைக்குள் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே போய்ச் சின்ன மாமாவின் படத்தை எடுத்துவந்து தந்தார். “அந்த ஆமையோட இதையும் வைச்சு எடு.” அதே நாளில், அதே கடையில் லமினேட் செய்த படம். 2009 மே மாதத்துக்குப் பிறகு சின்ன மாமாவைப் பற்றி எங்களுக்குத் தகவல் இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கிய பிறகு, அம்மா அந்தப் படத்தைக் கையில் பிடித்தபடி பல நாள் வெயிலில் இருந்திருக்கிறார். நிறங்கள் சிவப்புப் பக்கமாகச் சரிந்துவிட்டன. சட்டையின் நிறம் பச்சையா நீலமா என்று இப்போது எனக்கே சந்தேகம்.

படத்தில் புள்ளிக் குறியீடு இல்லை, பிழைதிருத்தம் இல்லை. மங்கியதைக் கணக்கிட்டு மீட்கும் சூத்திரமும் கிடையாது. கைத்தொலைபேசிச் செயலிகள் பழைய முகங்களைப் பளிச்சென்று ஆக்கித் தருவதாகச் சொல்கின்றன. அவை வேறு முகங்களில் படித்ததை வைத்து இட்டு நிரப்புகின்றன. தருவது மாமாவின் முகம் அல்ல, மாமாவைப் போன்ற ஒன்று. அப்படி ஒரு பிரதி செய்வதென்றால் அதை வேறாக, வேறு பெயரில் வைக்கவேண்டும், மூலத்தின் இடத்தில் ஒருபோதும் வைக்கக்கூடாது. அடையாளம் காணவென்று எப்போதாவது யாராவது அந்தப் படத்தைக் கேட்டால் கொடுக்கவேண்டியது திருத்தாததைத்தான்.

எனவே, அட்டைக்குச் செய்ததையே செய்தோம். சிசிடி ஸ்கானர், 1200 டிபிஐ, முழு நிறம், டிஃப். ஒரு தடவை நேராக, ஒரு தடவை 90 பாகை திருப்பி, ஏனென்றால் நெற்றிக்கு மேலே ஒரு குமிழ் இருந்தது. நிறத்தையோ வெளிச்சத்தையோ தொடவில்லை. படத்தின் பின்பக்கத்தையும் எடுத்தோம். லமினேட்டுக்கு அடியில் ஸ்ரூடியோவின் முத்திரையும் பென்சிலால் எழுதிய ஓர் இலக்கமும் இருக்கின்றன. அந்த ஸ்ரூடியோ இன்று இல்லை, ஆனாலும் இலக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எண் எடுத்து, எந்தத் திகதியில் யார் எந்த ஸ்கானரில் எடுத்தது, படத்தில் இருப்பவர் யார், படம் ஏறத்தாழ எப்போது பிடிக்கப்பட்டது என்பதை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் தமிழில் எழுதினோம். அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டெழுதினேன். அது அரை மணித்தியால வேலை என்று நினைத்தேன், மாலைவரைக்கும் போனது.

பென் டிரைவை மட்டும் நம்பக்கூடாது. வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அதிலுள்ள தரவு மெல்ல மெல்லக் கசியும். வீட்டில் எழுதிய இறுவட்டின் சாயமும் மங்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது ஆவணத்துறையில் உள்ள பொதுவான கணக்கு. எங்களுக்கு வேறு ஊர் என்பது வேறு நாடாகவே இருக்கட்டும் என்று அம்மா சொன்னார். கடவுச்சீட்டு அளவிலான அந்தப் படத்தின் கோப்பு சுமார் 10 எம்பி. மச்சானுக்கு டொக்கியுமன்ட் ஆக அனுப்பினேன். இறக்கிய பின் ஹாஷ் எண்ணைப் பார்த்து முதல் ஆறு எழுத்துகளை வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். சரியாக இருந்தது. மிச்சத்தையும் வாசிக்கவா என்று கேட்டான். வாசிக்கச் சொன்னேன்.